சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: பெற்றோரும் புது ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பெற்றோர் கூட்டத்திலும், வட்டார வள மையத்துப் பயிற்சியிலும், பஸ் ஸ்டாப்பிலும்கூட என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். நின்றபடி சொல்லும் பதில் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அதனால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் அடிப்படை நம்பிக்கை இதுதான்: ஒரு பிள்ளை முதலில் ஆங்கிலத்தைப் பயமில்லாமல் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். பேசுவது, படிப்பது, எழுதுவது எல்லாம் அதற்கு அப்புறம். அந்த ஆங்கிலம் பிள்ளையின் தமிழ்மேல் ஏறி நிற்க வேண்டும். தமிழைத் தள்ளிவிட்டு வரக் கூடாது. கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்து வந்தவை.

எந்த வயதில் தொடங்குவது நல்லது? மூன்று வயதிலேயே ஆரம்பித்தால் சீக்கிரம் வந்துவிடுமா?

வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் காதில் விழுந்துகொண்டே இருக்கும் இடத்தில் வளரும் பிள்ளைக்குச் சின்ன வயது பெரிய பலம். நம் ஊரில் ஆங்கிலம் வகுப்பறைக்குள்தான் இருக்கிறது, அதுவும் ஒரு நாளைக்கு ஒரு பீரியட். அங்கே கணக்கு வேறு. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் கார்மென் முன்யோஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். பள்ளியில் 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும், இரண்டு தரப்பும் ஒரே அளவு மணி நேரம் படித்து முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிந்தித் தொடங்கியவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். சொந்த மொழியில் நன்றாகப் படிக்க எழுதத் தெரிந்த, யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பள்ளிப் பாடமாக வரும் இன்னொரு மொழி வேகமாகப் பிடிபடுகிறது.

அதனால் மூன்று வயதுக் குழந்தைக்கு ஆங்கிலம் வரவில்லையே என்று யாரும் தவிக்க வேண்டாம். அந்த வயதில் தமிழில் கதை சொல்லுங்கள், நிறையப் பேசுங்கள், அது கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலம் இருப்பதை நான் வரவேற்கிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்குப் புது ஒலிகளைச் சொல்லிப் பார்க்க வெட்கமே இருக்காது. பத்து வயதில் அந்தத் துணிச்சல் குறைந்துவிடும்.

முதல் நாள் ஏ, பி, சி, டி-யில்தானே தொடங்குவீர்கள்?

இல்லை. முதல் சில வாரங்கள் கரும்பலகையில் ஆங்கில எழுத்தே இருக்காது. காதுக்கும் உடம்புக்கும்தான் வேலை. "ஸ்டாண்ட் அப்" என்று சொல்லிக்கொண்டே நான் எழுந்து நிற்பேன். "டச் தி டோர்" என்று சொல்லிக் கதவைத் தொடுவேன். பிள்ளைகள் பார்ப்பார்கள், பிறகு கூடவே செய்வார்கள், சில நாளில் நான் சும்மா நின்று சொன்னாலே ஓடிப்போய்க் கதவைத் தொடுவார்கள். கட்டளையைக் கேட்டு உடம்பால் பதில் சொல்லும் இந்த வழியை 1960-களில் வகுத்துக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர். வாயைத் திறக்காமலேயே "எனக்குப் புரிந்தது" என்று ஒரு பிள்ளையால் காட்ட முடிகிறது என்பதால்தான் எனக்கு இது பிடித்துப்போனது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை இதில் தோற்பதே இல்லை.

கொஞ்சம் பழகிய பிறகு சொற்களை மாற்றிக் கோத்துப் பாருங்கள். "டச் தி டோர் வித் யுவர் நோஸ்" என்று சொல்லுங்கள். இந்த வாக்கியத்தை அவர்கள் இதற்கு முன் கேட்டதே கிடையாது. ஆனாலும் மூக்கைக் கொண்டுபோய்க் கதவில் வைப்பார்கள். பாவனையைப் பார்த்துச் செய்யவில்லை, சொற்கள்தான் புரிந்திருக்கின்றன என்று அப்போது நமக்கு உறுதியாகத் தெரியும்.

சரி, எழுத்து எப்போது, எப்படி?

காது பழகிய பிறகு. அப்போதும் எழுத்தின் பெயரைச் சொல்லித் தராமல் அதன் ஒலியைச் சொல்லித் தருகிறேன். தமிழில் படிக்கக் கற்ற பிள்ளைக்கு 'ம' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான். 'ம', 'ர', 'ம்' என்று சேர்த்துச் சொன்னால் மரம் வந்துவிடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'எஃப்', 'எல்', 'எம்', 'எஸ்' எல்லாவற்றிலும் பெயருக்கு முன்னால் ஓர் எகரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 'டபிள்யூ' என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலி தொடக்கத்தில் இல்லவே இல்லை. 26 பெயர்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளை, 'எஸ், ஐ, டி' என்று சேர்த்து 'ஸிட்' என்ற சொல்லுக்கு எப்படிப் போய்ச் சேரும்? போக வழியே இல்லை. பல பிள்ளைகள் "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான்.

அகர வரிசையில் போகாமல், சேர்த்தால் உடனே சொற்கள் கிடைக்கும் எழுத்துகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 'ஸ், ட், ப், ன்' ஒலிகளைத் தரும் எழுத்துகளும் இரண்டு உயிரெழுத்துகளும் போதும். ஸிட், பின், டின், டிப் என்று ஒரு வாரத்துக்குள் பிள்ளை தானாகப் படிக்கும். தானாகப் படித்தோம் என்ற அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு எதுவும் இல்லை. எழுத்தின் பெயர்கள் பிறகு தாமாகவே வந்துவிடும். இனிஷியல் சொல்லவும் ஸ்பெல்லிங் சொல்லவும் அவையும் வேண்டியவைதான்.

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகளோ ஏறத்தாழ 44. ஓர் எழுத்துக்குப் பல ஒலிகள் இருப்பது பிள்ளைக்குக் குழப்பமாக இருக்குமே என்று கேட்பார்கள். நம் பிள்ளைகளுக்கு இது அடியோடு புதிது இல்லை. கண், பங்கு, பகல் என்ற மூன்றையும் சொல்லிப் பாருங்கள். 'க' ஒன்றுதான், ஒலி மூன்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளை இதை யோசிக்காமல் சரியாகப் படிக்கிறது. இதை எடுத்துக் காட்டிவிட்டு, "ஆங்கிலத்திலும் சில எழுத்துகள் இப்படித்தான்" என்று சொன்னால் முகத்தில் தெளிவு வந்துவிடும்.

"பஸ்ஸு", "புக்கு" என்று சொல்கிறார்கள். எப்படித் திருத்துவது?

முதலில், இது சோம்பேறித்தனமும் இல்லை, கிராமத்துப் பழக்கமும் இல்லை. தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடியாது. க், ச், ட், த், ப், ற் ஆறும் சொல்லின் கடைசியில் நிற்காது என்பது நம் பழைய இலக்கணங்கள் சொல்லும் விதி. 'நாக்கு', 'பாட்டு', 'உப்பு' என்று ஓர் உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அந்த விதியைப் பிள்ளை யாரும் சொல்லித் தராமலே கற்றிருக்கிறது. புக் என்ற சொல் வந்ததும் அதே விதிப்படி 'புக்கு' என்கிறது. தமிழை நன்றாக உள்வாங்கியிருக்கிறது என்பதற்கு இது அடையாளம்.

இதைத் தெரிந்துகொண்டால் பாடத்தின் வரிசையே மாறும். மெல்லினத்திலும் இடையினத்திலும் முடியும் சொற்களை நம் பிள்ளைகள் முதல் நாளே சரியாகச் சொல்வார்கள்: பென், பின், பெல், ஸ்கூல், கம். இவற்றில் தொடங்குங்கள். நம்பிக்கை வந்த பிறகு 'ட்', 'ப்', 'க்' என்று முடியும் சொற்களுக்குப் போங்கள். அங்கே நான் செய்வது ஒன்றுதான்: கடைசி ஒலியைச் சொன்னதும் வாயை அப்படியே நிறுத்திவிட வேண்டும். 'கப்' என்றதும் உதடு மூடியபடி இருக்க வேண்டும். கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவேன். உதடு திறக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொரு கடினமான இடம், பேனா என்ற பொருள் தரும் 'பென்' சொல்லின் தொடக்கமும் மணியைக் குறிக்கும் 'பெல்' சொல்லின் தொடக்கமும். தமிழில் இரண்டையும் ஒரே 'ப'-வில் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு எழுத்துகள், மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். ஒரு மெல்லிய தாள் துண்டை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். பென் என்று காற்றோடு சொன்னால் தாள் ஆட வேண்டும், பெல் என்று சொன்னால் அவ்வளவாக ஆடக் கூடாது. அடுத்து தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். 'ஃபேன்' என்பதை 'பேன்' என்று சொல்லும் பிள்ளைக்கு மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதக் காட்டினால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் நம் பிள்ளையின் ஆங்கிலத்தில் தமிழ்ச் சாயல் இருக்கும். இருக்கட்டும். கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பதே என் எல்லை. லண்டன்காரர்போல ஒலிக்க வேண்டும் என்று நான் எந்தப் பிள்ளையையும் வாட்டுவதில்லை.

என் பெண் மாதக்கணக்கில் வகுப்பில் ஒரு வார்த்தைகூட ஆங்கிலத்தில் பேசவில்லை. கவலைப்பட வேண்டுமா?

சொன்னது புரிந்து நடக்கிறாளா என்று பாருங்கள். புரிந்து நடக்கிறாள் என்றால் கவலை வேண்டாம். புது மொழிக்குள் வரும் பல குழந்தைகள் இப்படி ஒரு மௌன காலத்தைக் கடக்கிறார்கள். வாய்தான் சும்மா இருக்கிறது, காது சேர்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் எழுப்பி நிறுத்தி "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்தினால் பேச்சு இன்னும் தள்ளிப் போகும். என் வகுப்பில் யாரையும் தனியாக எழுப்பிப் பேச வைப்பது தொடக்கத்தில் கிடையாது. எல்லாரும் சேர்ந்து சொல்வோம், பிறகு வரிசை வரிசையாக, பிறகு இரண்டிரண்டு பேராக. தனியாகப் பேச யார் கை தூக்குகிறார்களோ அவர்களுக்கு வாய்ப்பு. தமிழிலும் பேசுவதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் அது வேறு விஷயம், காதைப் பரிசோதித்துவிடுங்கள்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா? தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள்கூட இருக்கின்றனவே?

பேசலாம். பேச வேண்டும். அபராதத்தைப் பற்றி என் கருத்தை ஒளிக்க மாட்டேன்: வீட்டில் அம்மா பேசும் மொழிக்குக் காசு பிடுங்குவது ஒரு குழந்தைக்குச் செய்யும் அவமானம். அந்த அவமானத்தால் வருவது ஆங்கிலம் கிடையாது, மௌனம். வகுப்பில் பேசாத பிள்ளை, விளையாட்டு நேரத்தில் கூட்டாளியிடமும் பேசாமல் இருக்கப் பழகுகிறது.

ஆராய்ச்சியும் இதற்குத் துணை நிற்கிறது. குழந்தைக்குக் கல்வி தாய்மொழியில் தொடங்குவதே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953-லேயே அறிக்கை வெளியிட்டது. ஒரு மொழியில் பெற்ற படிப்பறிவு இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதைக் கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார். கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிப்பது, ஒரு பத்தியின் சாரத்தைப் பிடிப்பது எல்லாம் தமிழில் கைவந்துவிட்டால் ஆங்கிலத்தில் முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை.

வகுப்பில் என் பழக்கம் இது. கதையைத் தொடங்குமுன் தமிழில் இரண்டு நிமிடம் பேசுவோம்: யானை பார்த்திருக்கிறீர்களா, எங்கே, அது என்ன செய்தது? பிறகு கதை முழுக்க ஆங்கிலத்தில், படத்தோடும் கையசைவோடும். நடுவில் ஒரு பிள்ளை தமிழில் "டீச்சர், அந்த யானைக்குக் கோவமா?" என்று கேட்டால், "யெஸ், தி எலிஃபன்ட் இஸ் ஆங்ரி" என்று ஆங்கிலத்தில் பதில் வரும். பிள்ளை தமிழில் கேட்கிறது, நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன், பேச்சு அறுபடாமல் ஓடுகிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொல்லி உடனே தமிழிலும் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. அடுத்த நொடி தமிழ் வரும் என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் ஆங்கிலத்துக்குக் காது கொடுக்காது.

இலக்கணம் எப்போது சொல்லித் தருவீர்கள்? ஐந்தாம் வகுப்பு வந்தும் டென்ஸ் தெரியவில்லையே?

பத்து வயதுக்குள் இலக்கண விதியை விதியாகச் சொல்லித் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த விஷயத்தில் என்னை மிகவும் பாதித்தது நம் பக்கத்திலேயே நடந்த ஒரு முயற்சி. என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வியாளர் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை வட்டாரத்தில் சாதாரணப் பள்ளிகளில் ஒரு திட்டம் நடத்தினார். இலக்கணப் பாடம் கிடையாது, வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சியும் கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துப் பிள்ளைகள் ஒரு புதிரை விடுவிக்க வேண்டும். கவனம் முழுக்க விடையில் இருக்கும். அந்த விடையைத் தேடும் வழியில் ஆங்கிலம் உள்ளே போய்விடும் என்பது அவர் எண்ணம். வேலையை முன்வைத்து மொழி கற்பிக்கும் முறைகள் பின்னால் உலகம் முழுக்கப் பரவியபோது இந்தத் திட்டத்தை எல்லாரும் குறிப்பிட்டார்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் இதைச் சின்ன அளவில் செய்கிறேன். கரும்பலகையில் ஒரு பஸ் அட்டவணை எழுதுவேன்: திண்டுக்கல்லில் புறப்படும் நேரம், வத்தலக்குண்டு சேரும் நேரம், டிக்கெட் விலை. எல்லாம் நானே போட்டது. "பாட்டி மஸ்ட் ரீச் பிஃபோர் டென். விச் பஸ்?" என்று கேட்பேன். முதலில் ஒரு கணக்கை எல்லாரும் சேர்ந்து போடுவோம், அடுத்ததை அவரவர் தனியாக. பாட்டியை எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்று சண்டையே நடக்கும். அந்தச் சண்டையில் 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'ரீச்சஸ்', 'லீவ்ஸ்' எல்லாம் எத்தனை முறை புழங்குகின்றன என்று பாருங்கள். டென்ஸின் பெயர்களை ஆறாம் வகுப்புக்கு மேல் சொல்லிக்கொள்ளலாம். பெயர் சொல்லும்போது பொருள் ஏற்கெனவே கையில் இருக்கும்.

பிள்ளை தப்பாகப் பேசினால் உடனே திருத்தலாமா?

நான் தப்பைத் திருத்துவதைவிட, சரியான வடிவத்தைக் காதில் போடுவேன். "ஹி கோ ஹோம்" என்று பிள்ளை சொன்னால், "ஓ, ஹி வென்ட் ஹோம்?" என்று இயல்பாகக் கேட்டுவிட்டு மேலே போவேன். பேச்சு நிற்காது, மானமும் போகாது. "ஐ இட்லி ஈட்" என்று வினைச்சொல்லைக் கடைசியில் வைத்தால் அது தமிழின் வரிசை. கேட்கக் கேட்க மாறும். எழுத்தில் மட்டும் ஒரு நேரத்தில் ஒரு வகைத் தவறைத்தான் குறிப்பேன். நோட்டு முழுக்கச் சிவப்பு மையாக இருந்தால் பிள்ளை நோட்டைத் திறக்கவே அஞ்சும்.

ஸ்பெல்லிங், டிக்டேஷன், இம்போசிஷன்?

ஒரு சொல்லைப் பத்து முறை எழுதும் பிள்ளை மூன்றாவது முறையிலேயே யோசிப்பதை நிறுத்திவிடும், கை மட்டும் ஓடும். சில பிள்ளைகள் நேரம் மிச்சம் பிடிக்க முதலில் முதல் எழுத்தை மட்டும் பத்து வரியிலும் போட்டுவிட்டு, அப்புறம் அடுத்த எழுத்துக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் சொல் எங்கே இருக்கிறது?

ஒலிக்கு அடங்கும் சொற்களை ஒலி பிரித்து எழுதச் சொல்கிறேன். அடங்காத சொற்கள் உண்டு: 'வாஸ்', 'சொன்னான்' என்று பொருள் தரும் 'செட்', 'உடைய' என்று பொருள் தரும் 'ஆஃப்', 'தி', 'ஒன்' மாதிரி. இவை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டியவை. அமெரிக்காவில் எட்வர்டு டால்ச் என்பவர் குழந்தைகளின் புத்தகங்களில் அதிகம் வரும் 220 சொற்களைத் தொகுத்து வைத்தார். அதிலிருந்து வாரத்துக்குச் சில சொற்கள் என் வகுப்புச் சுவரில் ஏறும். பிள்ளை அந்த 'செட்' என்ற சொல்லைக் கேட்டபடி, நான்கு எழுத்துக்குப் பதில் மூன்றே எழுத்தில் எழுதினால் முதலில் பாராட்டுவேன், ஒலியைச் சரியாகப் பிடித்திருக்கிறது. பிறகு சுவரைப் பார்க்கச் சொல்வேன்.

கூட்டெழுத்து (கர்சிவ்) வேண்டாமா? நாலு கோடு நோட்டு?

நாலு கோடு நோட்டு நல்லது, எழுத்தின் உயரம் பிடிபடும். கூட்டெழுத்து தொடக்கப் பள்ளியில் அவசியமில்லை. புத்தகத்தில் ஒரு வடிவம், நோட்டில் இன்னொரு வடிவம் என்று ஆறு வயதில் இரண்டையும் சுமக்க வைக்காதீர்கள்.

ஒரே அறையில் பல வகுப்பு, பல மட்டம். இதெல்லாம் நடக்குமா?

புது ஆசிரியர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இரண்டு ஆசிரியர்தான். 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்து, பின்னால் நான்கு, ஐந்துக்கும் விரிந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தது எனக்கு ஒத்துப்போகிறது. வயதைப் பார்க்காமல், எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கிறோம். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரும்பில் இருப்பது பிள்ளைக்கு முத்திரையாகிவிடக் கூடாது. அதனால் கேட்பதும் பாடுவதும் கதையும் எல்லாருக்கும் சேர்த்தே நடத்துகிறேன். வாசிப்பும் எழுத்தும் வரும்போது மட்டும் பிரிகிறோம். ஒரே கதைக்கு அரும்புப் பிள்ளை படம் வரிசைப்படுத்தும், மொட்டு சொற்களைப் பொருத்தும், மலர் இரண்டு வரி எழுதும். குழுவை மாதாமாதம் மாற்றுங்கள்.

பாடப்புத்தகம் முடியுமா என்று அடுத்த கேள்வி வரும். முடியும். காது திறந்த பிள்ளைக்குப் பாடம் வேகமாக ஓடும்.

எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டில் நாங்கள் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும், ஆங்கிலம் தெரியாமலேயே. ராத்திரி தமிழில் கதை சொல்லுங்கள். "இன்னைக்கு டீச்சர் என்ன கதை சொன்னாங்க?" என்று கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்ட கதையைத் தமிழில் உங்களுக்குச் சொன்னால் பிள்ளைக்கு அது புரிந்திருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய தேர்வு வேண்டாம். "எனக்கும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அம்மாவுக்கே டீச்சரான பிள்ளை அதை மறக்காது. பிஸ்கட் பாக்கெட், சோப்பு உறை, கடைப் பலகை, பஸ்ஸின் நெற்றி எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்து இருக்கிறது. தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள்.

புத்தகம் வேண்டுமென்றால், சென்னையின் துலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளை வெளியிட்டிருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம். தமிழில் நீங்கள் படியுங்கள், மறுநாள் அதே கதையை ஆங்கிலத்தில் பிள்ளை பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விருந்தாளி வந்ததும் "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று நடுவீட்டில் நிறுத்தாதீர்கள்.

செல்போனில் ஆங்கிலக் கார்ட்டூன் பார்த்தால் வருமா?

தனியாகப் பார்த்தால் கொஞ்சம் சொற்கள் ஒட்டும், அவ்வளவுதான். திரை பதில் பேசாது. கூட ஒருவர் உட்கார்ந்து, "அது யாரு, ஏன் ஓடுது?" என்று தமிழிலாவது கேட்டால் பலன் அதிகம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை சரளமாகப் பேசுகிறது. எங்கள் பிள்ளையையும் ஆங்கில வழிக்கு மாற்றிவிடலாமா?

அரசுப் பள்ளிகளிலும் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்துவிட்டன, அதனால் இந்தக் கேள்வி எங்கள் ஊரிலும் தினமும் எழுகிறது. பெற்றோரின் ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆங்கிலம் தெரியாததால் கல்லூரியிலும் வேலையிலும் பட்ட காயத்தைச் சொல்லித்தான் பலர் கேட்கிறார்கள்.

ஆனால் சரளமாக ஒலிப்பதைக் கேட்டதும் மயங்க வேண்டாம். அந்தப் பிள்ளையிடம் மெதுவாக, ஒப்பிக்க முடியாத ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "நேற்று மழையில் என்ன செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேளுங்கள். தானாக ஒரு வாக்கியம் வந்தால் அந்தப் பள்ளி நன்றாகச் சொல்லித் தருகிறது. வரவில்லை என்றால் அது மனப்பாடம். கணக்கையும் அறிவியலையும் புரியாத மொழியில் படித்தால் ஆங்கிலமும் போய்ப் பாடமும் போகும். தமிழ் வழியில் பாடங்களைப் புரிந்து படித்து, ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாகக் கற்பதே நம் வீட்டுச் சூழலில் உள்ள பிள்ளைக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். முடிவு உங்களுடையது. மாற்றினால் வீட்டில் தமிழில் பாடத்தைப் பேசுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியரான எனக்கே ஆங்கிலம் சரளமாக வராது. நான் எப்படிச் சொல்லித் தருவது?

பயிற்சியில் தேநீர் இடைவேளையில், யாரும் கேட்காதபடி பலர் என்னிடம் கேட்பது இதைத்தான். சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு வேண்டிய ஆங்கிலம் அளவானது. "ஓப்பன் யுவர் புக்ஸ்", "ஹூ வான்ட்ஸ் டு ட்ரை?", "லுக் அட் தி பிக்சர்", "வாட் ஹாப்பன்ஸ் நெக்ஸ்ட்?" போல ஒரு பக்கத்தில் அடங்கும் வாக்கியங்களை எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லா நாளும் அவற்றையே பயன்படுத்துங்கள். ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவது பிள்ளைகளுக்கும் நல்லது.

கதையை வீட்டில் மூன்று முறை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள். 2018 முதல் வந்த நம் பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு இருக்கிறது. உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் முதல் நாள் இரவே அதில் கேட்டுக்கொள்ளலாம். வகுப்பில் ஒரு சொல் தெரியவில்லை என்றால், "லெட் அஸ் ஃபைண்ட் அவுட்" என்று சொல்லிப் பிள்ளைகளோடு சேர்ந்து அகராதியைத் திறங்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரோடு வாரம் ஒரு முறை போனில் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வகுப்பு வாக்கியங்களையே பேசுங்கள், அப்புறம் அன்றைய கதையைப் பற்றிப் பேசுங்கள்.